செக்லிஸ்ட்டைக் காப்பி எடுக்காதீர்கள்!

கம்ப்யூட்டரில் மிகச் சுலபமான வேலை எது என்று கேட்டால், கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்றுதான் சொல்வேன். ஒரு ஃபைலை மூன்று காப்பி எடுத்து மூன்று பெயர் வைக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிட வேலையால் ஒரு லாரி டிரைவருக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது. பட்டம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. என் மைத்துனர் வட சென்னையில் மூன்று லாரி எடை மேடைகள் நடத்துகிறார். ராயபுரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று. கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எடை மேடை என்றதும் பெரிய இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். லாரி ஏறி நிற்க ஓர் இரும்புத் தளம், அதைத் தாங்கும் லோடு செல்கள், அவற்றின் ஒயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸ், அறைக்குள் எடையைக் காட்டும் இண்டிகேட்டர். அதிலிருந்து சீரியல் கேபிள் வழியாக ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். சரக்கோடு ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு ஒரு எடை. கழித்தால் சரக்கின் எடை. சீட்டு அடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சீட்டை நம்பித்தான் விற்பவர், வாங்குபவர், டிரைவர் மூவருக்கும் பணம் பட்டுவாடா ஆகிறது. கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சரிபார்த்த எடையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பிறகு எங்கள் சீட்டுக்கு மதிப்பு இன்னும் கூடியது. எண்ணூர் மேடையை மைத்துனர் ஆரம்பித்ததே அந்த வியாபாரத்தை நம்பித்தான்.

தினமும் காலையில் கடை திறந்ததும் பார்க்க வேண்டியவை என்று எக்செல்லில் 17 வரிகளில் ஒரு செக்லிஸ்ட் போட்டு வைத்திருந்தேன். இண்டிகேட்டர் பூஜ்யம் காட்டுகிறதா, யூபிஎஸ் சார்ஜ் ஏறியிருக்கிறதா, பிரிண்டரில் ரிப்பன் மங்கலாக இருக்கிறதா, நேற்றைய டேட்டா பேக்கப் ஆனதா, தளத்துக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா. இந்த மாதிரி. எண்ணூர் மேடை வந்ததும் அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒட்டினேன். ஆக, மூன்று கம்ப்யூட்டரில் மூன்று ஃபைல். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றும் ஒரே ஊர் மாதிரி இருந்தாலும் ஒரே இடம் அல்ல. ராயபுரத்துக்கு வருபவை பெரும்பாலும் மீன் வண்டிகள். ஐஸ் உருகி, உப்பும் மீன் நாற்றமுமாகத் தண்ணீர் தளத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் போல்ட்டு, நட்டெல்லாம் துரு ஏறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் அங்கே ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்போதும் இண்டிகேட்டரைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விட வேண்டும். இல்லையென்றால் கடல் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும். எண்ணூரில் கதையே வேறு. தூசு. மேஜையைக் காலையில் துடைத்தால் மதியம் அதில் விரலால் பெயர் எழுதலாம். கம்ப்யூட்டர் ஃபேன் அடைத்துக்கொள்ளும். தவிர, அந்த மேடை தரைக்கு மேலே கட்டியது. அதற்குப் பள்ளமே கிடையாது.

பள்ளமே இல்லாத எண்ணூரில் ‘பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறதா?’ என்ற வரிக்கு நேராக, தினமும், இரண்டு வருடத்துக்கு மேல், அழகாக டிக் போட்டு வைத்திருந்தார்கள்! காப்பி எடுத்த ஃபைலில் அந்த வரியும் கூடவே வந்துவிட்டது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அர்த்தமில்லாத ஒரு வரிக்குத் தினமும் டிக் போடச் சொன்னால், பக்கத்து வரிக்கும் பார்க்காமலே டிக் போடக் கை பழகிவிடும். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது என் ஃபைல்தான்.

இதற்கு நேர் எதிரான தப்பு இன்னொன்று நடந்தது. அதுதான் பெரியது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் திருவொற்றியூர் மேடையின் பள்ளம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் வடிந்ததும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். லிஸ்ட்டில் இருந்தது, செய்தார்கள், டிக் போட்டார்கள். ஜனவரியில் பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று அங்கே எடை போட வந்தது. ஏற்றிய இடத்துச் சீட்டைவிட எங்கள் சீட்டில் 180 கிலோ குறைவு. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். எர்ணாவூர்க்காரர். வழியில் இரும்பை இறக்கி விற்றுவிட்டார் என்று சரக்கு வாங்குபவர் சத்தம் போட, லாரி ஓனர் போனிலேயே ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அவர் எங்களிடம் வந்தார். “சார், நான் வண்டிய எங்கயுமே நிறுத்தல. உங்க மேடையிலதான் ஏதோ கோளாறு. ஒரு தடவ பாருங்க சார்” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைய செக்லிஸ்ட்டை எடுத்துக் காட்டினேன். பூஜ்யம் சரி. காலி வண்டி எடை சரி. எல்லாவற்றுக்கும் டிக். “இதுக்கு மேல என்னங்க பாக்கறது?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, எண்ணூர் மேடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வேறு வேலையாகத் திருவொற்றியூர் வந்தான். பழக்கதோஷம், ஒரு கம்பியை எடுத்துத் தளத்துக்கும் சுற்றியுள்ள சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டுப் பார்த்தான். ஒரு மூலையில் கம்பி இறங்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்த சேறும் ஒரு பாதிச் செங்கல்லும் சேர்ந்து காய்ந்து கல்லாக இறுகியிருந்தன. காலியாக இருக்கும்போது தளம் அதைத் தொடாது. அதனால் பூஜ்யம் சரியாகக் காட்டும். காலி வண்டிக்கும் சரியாகக் காட்டும். முழு லோடு ஏறித் தளம் சற்று அமுங்கும்போதுதான் அதன் மேல் உட்காரும். அந்த அளவுக்கு எடையை லோடு செல்லுக்குப் பதில் செங்கல் தாங்கிக்கொள்ளும்.

“ஏண்ணே, நாங்க டெய்லி கம்பி விட்டுப் பாக்கறோமே, உங்க லிஸ்ட்ல அது இல்லையா?” என்றான்.

இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பு நிலக்கரித் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டபோது அவன் தன் ஃபைலில் 18-வது வரியாக அதைச் சேர்த்திருக்கிறான். என்னிடமும் சொல்லியிருக்கிறான். நிலக்கரி வண்டிகள் வருவது எண்ணூருக்குத்தானே, அது அந்த இடத்துச் சமாசாரம் என்று நான் விட்டுவிட்டேன். சிக்கியது நிலக்கரியா செங்கல்லா என்பதா முக்கியம்? இடைவெளி அடைபடுவது மூன்று மேடைக்கும் பொது. பொதுவான ஒன்றை இடத்துக்கே உரியது என்று நினைத்ததும், எண்ணூருக்குப் பொருந்தாத பள்ளத்தைப் பொது என்று நினைத்து ஒட்டியதும் ஒரே மடத்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

லாரி ஓனருக்கு, தப்பு எங்கள் மேடையில்தான் என்று மைத்துனர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். டிரைவருக்குப் போன டிரிப் பணத்தையும் நாங்களே கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குள் வேறு இடத்தில் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டார். எங்கள் மேடை வழியாகத்தான் போகிறார், எடை போட நிறுத்துவது மட்டும் வேறு மேடையில்.

இந்தப் பிரச்னை எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு மட்டும்தானா என்று பிறகு தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டர்களுக்காக 19 வரிகளில் ஒரு செக்லிஸ்ட் வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்து, 2009-ல் முடிவைச் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. இது பலருக்கும் தெரிந்த செய்தி. பலர் கவனிக்காதது அந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பு. இது முழுமையான பட்டியல் அல்ல, உங்கள் இடத்து நடைமுறைக்கு ஏற்ப வரிகளைச் சேர்க்கலாம், மாற்றலாம் என்று அதில் போட்டிருக்கிறார்கள். உலகத்துக்கே ஒரு லிஸ்ட் போடுபவர்களே உள்ளூருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் லிஸ்ட் போட்ட நான் விடவில்லை.

அதே செக்லிஸ்ட்டைக் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் கொண்டுவந்து பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. அங்கே சொல்லிக்கொள்ளும்படி எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. ஏன் என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மேலிடத்து உத்தரவுக்காக டிக் போட்டால் அப்படித்தான் ஆகும் என்பது அந்த வாதத்தில் ஒரு கட்சி. பள்ளமில்லாத மேடைக்கு டிக் போட்டதைப் பார்த்தவன் என்ற முறையில் நான் அந்தக் கட்சி.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னைத் துறைமுகத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் கொண்டுவரும் கப்பல்கள் பாரதி டாக்கில் நிற்கின்றன. எண்ணெய்க் கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்தில் நின்றாலும் கப்பல்காரரும் கரையில் இருப்பவரும் சேர்ந்து நிரப்ப வேண்டிய ஒரு செக்லிஸ்ட் உண்டு. கப்பலுக்குத் தனிக் கட்டம், கரைக்குத் தனிக் கட்டம். பல வருடங்களாகப் புழங்கிய வடிவத்தில் சில வரிகளுக்கு எதிரே ‘ஆர்’ என்று ஓர் எழுத்து இருக்கும். ஒரு தடவை பார்த்தால் போதாது, இருவரும் ஒத்துக்கொண்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதை அந்தந்த இடத்தில் பேசி முடிவு செய்வார்கள். வரி பொது, மணி உள்ளூர். இந்த யோசனையை நான் அப்படியே சுட்டுக்கொண்டேன்.

உள்ளூர் வரி எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் கடற்கரைக்காரர்கள் 2017 ஜனவரி 28-ல் பார்த்தார்கள். அன்று அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்குத் தேசிய அளவில் ஒரு திட்டம் 1996 முதல் இருக்கிறது. ஆனால் இந்தக் கரை முழுக்க அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள். அவற்றின் நடுவே எண்ணெய் கெட்டிக் கசடாகிவிட்டது. உறிஞ்சும் இயந்திரங்களால் அதை எடுக்க முடியவில்லை. கடைசியில் ஆட்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில்தான் அள்ளினார்கள்.

சரி, இப்போது நாங்கள் எப்படிச் செய்கிறோம்? மூன்று ஃபைலையும் அழித்துவிட்டேன். (ராயபுரம் ஃபைலை அழிக்கும் முன் படிக்கவே படாதபாடு பட்டேன். அது யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது.) இப்போது இருப்பது கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு ஃபைல். ஒரு வேலைக்கு ஒரு வரிசை. ‘எந்த இடம்’ என்று ஒரு நெடுவரிசை. அதில் பொது, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்ற நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். டேட்டா மெனுவில் உள்ள டிராப்டவுன் வசதியால் அப்படிச் செய்திருக்கிறேன். அதே மெனுவில் பில்டர் வியூ இருக்கிறது. அதில் ‘பொது’, ‘எண்ணூர்’ இரண்டையும் மட்டும் டிக் செய்து சேமித்தால் எண்ணூர் லிஸ்ட் தயார். பொது வரியை ஓரிடத்தில் திருத்தினால் மூன்று இடத்திலும் திருந்தும். எண்ணூர்க்காரர் பள்ளத்தைப் பார்க்கவே மாட்டார்.

பொது வரிகள் எல்லாம் மேலே, அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறேன். புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் என்று அதே டேட்டா மெனுவில் வரும். அவற்றை நான் மட்டும்தான் மாற்ற முடியும். கீழே உள்ள இடத்து வரிகளில் நான் கை வைப்பதில்லை. மேடையில் நிற்பவன் எழுதட்டும், அவனே அழிக்கட்டும். தப்பாக அழித்துவிட்டால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, பயமில்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. வரி பொதுதான், ஆனால் விவரம் இடத்துக்கு இடம் வேறு. எடை மேடைக்குச் சட்டப்படி 12 மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். மூன்று மேடைக்கும் முத்திரைத் தேதி வேறு வேறு. யூபிஎஸ் பேட்டரி வாங்கிய தேதி, சர்வீஸ்காரர் போன் நம்பர் எல்லாம் இப்படித்தான். இவற்றைச் செக்லிஸ்ட் வரிக்குள் எழுதக் கூடாது. எழுதினால் மறுபடியும் மூன்று வரி, மூன்று காப்பி. ‘தேதிகள்’ என்று தனி ஷீட் போட்டு, இடத்துக்கு ஒரு வரிசை கொடுத்துவிட்டேன். செக்லிஸ்ட்டில் ‘முத்திரைத் தேதியைப் பார்க்கவும்’ என்று மட்டும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘ஏன்’ என்ற நெடுவரிசை. ஒவ்வொரு வரியும் எதனால் வந்தது என்று நாலு வார்த்தை. ‘இடைவெளியில் கம்பி விட்டுப் பார்’ என்பதற்கு எதிரே ‘ஏதாவது சிக்கினால் லோடு எடை குறையும்’ என்று அன்றே எழுதியிருந்தால், அது எண்ணூர்ச் சமாசாரம் இல்லை என்று எனக்குப் படித்த உடனே தெரிந்திருக்கும். வேலையை மட்டும் எழுதினால் இன்னொருவருக்கு அது தேவையா இல்லையா என்று சொல்ல முடியாது. காரணத்தை எழுதினால் சொல்லிவிடலாம்.

மைத்துனருக்கு மொபைல் ஆப் மேல் ஆசை. ஒவ்வொரு வரிக்கும் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் டிக் விழும் என்ற ஆப் ஒன்றை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். கிரீஸ் கையோடு போனை எடுக்க யாருக்கும் மனசில்லை. மூன்றாவது வாரமே ஒரே போட்டோவை தினமும் அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நூறு கடை உள்ளவருக்கு ஆப் தேவைப்படலாம். மூன்று கடைக்கு ஒரு ஷீட்டும், அட்டையில் கிளிப் போட்ட ஒரு பிரிண்ட் தாளும் போதும் என்பது என் கட்சி. வாரம் ஒரு பிரிண்ட். தாளின் அடியில் பிரிண்ட் எடுத்த தேதி கட்டாயம் இருக்க வேண்டும். தேதியில்லாத பிரிண்ட்டைக் கண்டால் கிழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு திருட்டுக் காப்பிதான்!

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? சென்னையில் உங்கள் வீடு, ஊரில் அப்பா அம்மா வீடு. பூட்டிக் கிளம்பும்போது பார்க்க வேண்டிய லிஸ்ட் இரண்டுக்கும் இருக்குமே. கேஸ் வால்வு இரண்டுக்கும் பொது. கிணற்று மோட்டார் ஊருக்கு மட்டும். இந்த வாரமே போட்டுப் பாருங்களேன். இன்டர்நெட் வேண்டாமென்றால் எக்செல்லிலும் செய்யலாம், ஒரே ஃபைல் ஒரே கம்ப்யூட்டரில் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

ஷீட்டால் செய்ய முடியாத ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எந்த வரி எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது. அதற்காகச் சனிக்கிழமை மாலை மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரு போன். பத்து நிமிடம். அந்த வாரம் யார் எந்த வரியைச் சேர்த்தார்கள் என்று நான் படிப்பேன். மற்ற இருவரும் ‘எங்களுக்கும் வேணும்’ அல்லது ‘வேணாம்’ என்பார்கள்.

போன வாரம் ராயபுரத்துப் பையன் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் எலி கடித்த ஒயர் இருக்கிறதா?’ ஏன் என்ற இடத்தில், ‘மீன் வாசனைக்கு எலி வருகிறது’ என்று எழுதியிருந்தான். அப்படியானால் அது ராயபுரத்துக்கு மட்டும்தான். ஆனால் எலி மீனுக்காகத்தான் வருகிறதா, ஒயருக்காகவே வருகிறதா? எண்ணூர்த் தம்பியிடம் அவன் மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நாளை சனிக்கிழமை.